மரணத்தைக் கேட்டவர்கள் உண்மையில் எதைக் கேட்டார்கள்?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"யூ டோன்ட் நோ ஜாக்" என்று ஒரு ஆங்கிலப் படம் இருக்கிறது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. இயக்கியவர் பெரி லெவின்சன். ஜாக் கெவோர்கியன் என்ற வைத்தியரின் வாழ்க்கைதான் கதை. அந்த வைத்தியராக நடித்த அல் பசினோவுக்கு எமி விருதும் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தன. இப்போது எங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலும் இந்தப் படம் சுற்றுகிறது. பார்த்த சில இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள்: "சேர், அந்த டொக்டர் செய்தது கொலையா, உதவியா?"

மார்க்கத்தின் பதில் அவர்களுக்கும் தெரியும். உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதை நாமாக முடித்துக்கொள்ளவும் முடியாது, இன்னொருவருக்கு முடித்துக் கொடுக்கவும் முடியாது. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு கேள்வி வந்தால், அது எங்கே தொடங்கியது, யார் யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்ப்பதுதான் என் பழக்கம். தேடிப் பார்த்ததை நான்கு ஊர்களின் கதையாக எழுதுகிறேன். கடைசி ஊர் நம்முடையது.

1. மிச்சிகன்

கெவோர்கியன் 1928 இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் வந்து குடியேறிய ஆர்மீனியர்கள். அவர் நோயியல் வைத்தியர். அதாவது, நோயாளியின் கட்டிலருகே நின்று சிகிச்சை செய்பவரல்ல. ஆய்வுகூடத்திலும் பிரேத அறையிலும் வேலை செய்பவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 ஜூன் 4 ஆம் திகதி ஜெனட் அட்கின்ஸ் என்ற 54 வயதுப் பெண் அவருடைய உதவியோடு உயிரை விட்டார். அது நடந்தது கெவோர்கியனின் பழைய வேனுக்குள். அந்தப் பெண்ணுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் தொடங்கியிருந்தது. மரணப் படுக்கையில் கிடந்தவரல்ல. எழுந்து நடமாடிக்கொண்டும் விளையாடிக்கொண்டும் இருந்தவர். வரப்போகும் நாட்களுக்குப் பயந்தார்.

அடுத்த எட்டு வருடங்களில் சுமார் 130 பேருக்கு இப்படி உதவியதாகக் கெவோர்கியன் சொன்னார். 1991 இல் அவருடைய வைத்திய அனுமதிப் பத்திரம் பறிபோனது. வழக்குக்கு மேல் வழக்கு. 1994 இலும் 1996 இலும் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். நோயாளிகள் அழுது கேட்ட வீடியோக்களைப் பார்த்த சாதாரண மனிதர்களால் அவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை.

பிறகு 1998 செப்டம்பரில் தோமஸ் யூக் என்ற, தசைகள் செயலிழக்கும் நோயுள்ள 52 வயது மனிதருக்கு, கெவோர்கியன் தன் கையாலேயே உயிரை முடித்தார். அதைப் படம் பிடித்துத் தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பவும் கொடுத்தார். முடிந்தால் என்னைத் தண்டியுங்கள் என்று அரசாங்கத்துக்கே சவால் விட்டார். 1999 மார்ச்சில் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளியாகத் தீர்ப்பு வந்தது. தண்டனை 10 முதல் 25 வருடங்கள். எட்டு வருடங்களுக்குப் பிறகு 2007 இல் வெளியே வந்தார். 2011 ஜூனில் தன் 83 ஆவது வயதில் வைத்தியசாலையில் இயற்கையாக மரணித்தார்.

படம் இந்த மனிதரைப் பிடிவாதக்காரராக, தனியாளாக, ஆனால் இரக்கமுள்ளவராகக் காட்டுகிறது. இரக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் உதவியால் இறந்தவர்கள் யார் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் உண்டு. பிரேத பரிசோதனை செய்யப்பட்ட 69 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முன்னணி வைத்தியச் சஞ்சிகையில் வந்தது. அந்த 69 பேரில் ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான். ஐந்து பேரின் உடலில் எந்த நோயின் அடையாளமும் அகப்படவில்லை. பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள். விவாகரத்தானவர்களும் திருமணமே ஆகாதவர்களும் வழமையை விட அதிகம்.

இதை இரண்டு முறை வாசியுங்கள். மரணம் வாசலில் வந்து நின்றதால் மட்டும் அவர்கள் அந்த வைத்தியரைத் தேடிப் போகவில்லை. பலருக்குப் பக்கத்தில் ஆளில்லை.

பின்னாளில் சட்டமே வந்த இடங்களிலும் இதைப் போன்ற ஒன்று தெரிகிறது. ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. ஏன் மரணத்தைக் கேட்கிறீர்கள் என்பதற்கான காரணங்களை அங்கே ஒவ்வொரு வருடமும் அறிக்கையாக வெளியிடுகிறார்கள். வலிதான் முதலிடம் என்று நாம் நினைப்போம். இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போவது, பிடித்ததைச் செய்ய முடியாமல் போவது, மானம் போவது என்பவை முன்னால் நிற்கின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவேன் என்ற பயத்தைப் பலர் சொல்கிறார்கள். வலி அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

பாரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு தமிழ்ப் படம் நினைவுக்கு வருகிறது. அதன் பெயரே "பாரம்". பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கியது. 2019 இல் அறிவிக்கப்பட்ட இந்தியத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் அதுதான். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் சில இடங்களில் இருந்த 'தலைக்கூத்தல்' என்ற வழக்கத்தைப் பற்றிய கதை. படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பமே சடங்குபோல் அனுப்பி வைப்பது. அங்கே முதியவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. வறுமையும், பார்க்க ஆளில்லாத வீடும், ஊரின் மௌனமும் சேர்ந்து முடிவெடுக்கின்றன. அதற்கும் 'கருணை' என்று பெயர் வைத்திருப்பார்கள். கருணை என்ற சொல்லை எங்கே கேட்டாலும், யாருடைய சிரமம் குறைகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. மும்பாய்

இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது ஒரு தாதியின் பெயரில்.

அருணா ஷான்பாக் கர்நாடகக் கரையோரத்து ஹல்திபூரில் பிறந்தவர். மும்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் தாதியாக இருந்தார். அங்கேயே வேலை செய்த ஒரு வைத்தியரோடு திருமணம் பேசியிருந்தது. 1973 நவம்பர் 27 இரவு, அதே வைத்தியசாலையின் துப்புரவு ஊழியன் ஒருவன் அவரை நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினான். மூளைக்கு இரத்தம் போகாமல் நினைவு போனது. அப்போது அவருக்கு 25 வயது. தாக்கியவனுக்குக் கிடைத்தது ஏழு வருடச் சிறை. அருணாவுக்கு 42 வருடப் படுக்கை.

அந்த 42 வருடமும் அவரைப் பார்த்தது அதே வைத்தியசாலையின் தாதிமார். குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஒரு தலைமுறை ஓய்வுபெற்றுப் போக, அருணாவை நடமாடிப் பார்த்தேயிராத அடுத்த தலைமுறை அந்தக் கடமையை எடுத்துக்கொண்டது. இடையில் நகரசபை கட்டிலைக் காலியாக்கி அவரை வேறிடத்துக்கு மாற்றப் பார்த்தபோது, தாதிமார் போராட்டம் செய்து தடுத்தார்கள்.

அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, 2009 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உணவூட்டுவதை நிறுத்தி அவரை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்பது கோரிக்கை. பிங்கி விரானியைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பெண் இருண்ட அறையில் இத்தனை வருடம் கிடக்கிறாளே என்று உண்மையாகவே துடித்தவர் அவர். மறுபக்கம் தாதிமார் சொன்னார்கள்: அவர் எங்களுடையவர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

2011 மார்ச் 7 ஆம் திகதி நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். அருணாவுக்காகப் பேசும் உரிமை புத்தகம் எழுதியவருக்கல்ல, அத்தனை வருடம் பராமரித்தவர்களுக்கே என்றார்கள். மனு தள்ளுபடியானது. அதே தீர்ப்பில், மீளமுடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவதற்கு, உயர் நீதிமன்ற அனுமதியோடு, இந்தியாவில் முதன்முதலாக வழி திறக்கப்பட்டது. 2018 மார்ச்சில் ஐந்து நீதியரசர்கள் அதை உறுதிசெய்து, ஒருவர் சுகமாக இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என்றார்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது அங்கே இன்றும் குற்றம்தான்.

அருணா 2015 மே 18 ஆம் திகதி நிமோனியாவால் காலமானார். தாதிமார் அழுதுகொண்டே இறுதிக் கிரியைகளில் நின்றார்கள்.

அவர் எதை விரும்பியிருப்பார் என்று கேட்க யாராலும் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றும் விடையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் ஒரு நியாயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: படுத்திருப்பவரைப் பற்றிப் பேசும் தகுதி, அவரைத் தொட்டுப் பராமரித்த கைகளுக்குத்தான் முதலில் இருக்கிறது. கே.ஈ.எம். தாதிமார் "கூடாது" என்று மட்டும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே முப்பத்தேழு வருடம் செய்து காட்டியிருந்தார்கள்.

இங்கே மார்க்க விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். உயிரை எடுப்பது வேறு. பயனற்றுப் போன இயந்திரத்தை விலக்குவது வேறு. 1981 இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ மாநாட்டின் ஒழுக்கக் கோவை கருணைக்கொலையை மறுத்தது. அதே கோவை, வைத்தியர் தன் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும், உயிரற்ற நிலையை இயந்திரத்தால் இழுத்துக்கொண்டிருப்பது அவர் கடமையல்ல என்ற கருத்தையும் சொன்னது. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி, மூளை முற்றாகச் செயலிழந்து இனித் திரும்பாது என்று நிபுணர்கள் உறுதிசெய்தால் உயிர்காப்பு இயந்திரத்தை நிறுத்தலாம் என்று தீர்மானித்தது. ஐ.சி.யு. வாசலில் நின்று "நிறுத்தினால் நான் வாப்பாவைக் கொன்றவனாகிவிடுவேனா?" என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் ஆலிமிடமும் வைத்தியரிடமும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள்.

3. கோழிக்கோடு

கெவோர்கியன் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இருந்த அதே காலத்தில், கேரளத்தில் இன்னொரு வைத்தியர் அதே கேள்விக்கு வேறு பதிலைத் தேடிக்கொண்டிருந்தார். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்த எம்.ஆர். ராஜகோபால்.

அவர் பல இடங்களில் சொல்லியிருக்கும் சம்பவம் ஒன்று. வாயில் புற்றுநோய் வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் கடும் வலியோடு வந்தார். நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார் ராஜகோபால். வேலை வெற்றி. அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டார் பேராசிரியர். இனி வரத் தேவையில்லை என்று வைத்தியர் சாதாரணமாகச் சொன்னார். தன் நோய்க்குச் சிகிச்சையே இல்லை என்பது பேராசிரியருக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. வீட்டுக்குப் போனவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வலி போயிருந்தது. ஆனாலும் அந்த மனிதர் போய்விட்டார். நரம்பைப் பார்த்தேன், மனிதனைப் பார்க்கவில்லை என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டதாக ராஜகோபால் சொல்கிறார். இதே பாடத்தை இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் முன்னரே கண்டிருந்தார். தாதியாகவும், சமூக சேவையாளராகவும் இருந்து, பிறகு வைத்தியம் படித்தவர். 1967 இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்ததே ஒரு நோயாளியின் மொத்த வலி என்பது அவர் சொன்ன விஷயம்.

1993 இல் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பெரிய தடையாக நின்றது சட்டம். போதைப்பொருளைத் தடுக்க 1985 இல் இந்தியா கொண்டுவந்த சட்டத்தால், புற்றுநோய் வலிக்கான மோர்பின் மருந்தும் வைத்தியசாலைகளிலிருந்து மறைந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதன் பாவனை பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. குற்றவாளியைப் பிடிக்கப் போட்ட வலையில் நோயாளி அகப்பட்டுக்கொண்டான். அந்தச் சட்டத்தைத் திருத்த 2014 வரை போராட வேண்டியிருந்தது. 2018 இல் ராஜகோபாலுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நமக்கு முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான். வைத்தியசாலைக்கு வரமுடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தியர்கள் போதவில்லை. அப்போது மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்கள் இறங்கினார்கள். மலப்புரம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். நம்மைப் போலவே கடலும் வெளிநாட்டு உழைப்பும் பள்ளிவாசலும் சேர்ந்த வாழ்க்கை. கடைக்காரர், ஆசிரியர், பஸ் ஊழியர், மாணவர் என்று தொண்டர்கள் பயிற்சி எடுத்தார்கள். வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள். கடைகளில் உண்டியல் வைத்தார்கள். மாணவர்கள் சில்லறை சேர்த்தார்கள். தாதி ஒருவர், தொண்டர் இருவர், ஒரு வண்டி. வீடு வீடாகப் போய்ப் புண் கழுவினார்கள், மருந்து கொடுத்தார்கள், அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி கொண்டுபோனார்கள். முஸ்லிம் வீடு, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்கவில்லை. 2008 இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. ஒரு ஏழைச் சமூகம் வைத்தியத்தின் வேலையில் பாதியைத் தன் தோளில் எடுத்துக்கொண்டதை உலகம் வந்து பார்த்துப் படித்தது.

கெவோர்கியனின் கதையில் ஒரு வைத்தியரும் ஒரு நோயாளியும் ஒரு வேனும் மட்டும்தான். மலப்புரத்தின் கதையில் ஒரு தெருவே இருக்கிறது. முதலாவதைப் பற்றி அல் பசினோ நடித்த படம் வந்தது. இரண்டாவதைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படிச் செய்தால் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எல்லா வசதியும் இருந்தும், பிள்ளைகள் சுற்றியிருந்தும், போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பராமரிப்பாலும் முழுதாக அடங்காத வேதனை உண்டு. அவர்களை நாம் தீர்ப்புச் சொல்லும் பார்வையோடு பார்க்கக்கூடாது. அவர்களின் ஸப்ருக்காக துஆச் செய்து பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. புத்தளம்

நம் நாட்டில் தற்கொலைக்கு முயல்வது 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்த வருடம் அது நீக்கப்பட்டது. இன்னொருவர் உயிரை மாய்க்க உதவுவது இன்றும் பாரிய குற்றம். சட்டம் இவ்வளவுதான். மார்க்கமும் கூடாது என்கிறது. அப்படியானால் நம் ஊரில் இந்தப் பிரச்சினையே இல்லையா?

கற்பிட்டியிலிருந்தோ முந்தலிலிருந்தோ ஒரு புற்றுநோயாளி மஹரகமவுக்குப் போய்வரும் பயணத்தை யோசியுங்கள். விடியற்காலை பஸ். ஒரு பக்கம் போவதற்கே நீண்ட தூரம். கூடப் போகிற மகனுக்கு அன்று கடல் தொழில் இல்லை, கூலி இல்லை. சில மாதங்களில் "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்? முதல் கிழமை எல்லோரும் வருவோம், பழம் வாங்கிக்கொண்டு. ஒரு மாதத்தில் சொந்தக்காரர் மட்டும். மூன்று மாதத்தில் ஒரு மகளோ மருமகளோ தனியாக. அவள் இரவில் தூங்குகிறாளா என்று யாரும் கேட்பதில்லை. படுக்கைப் புண்ணை எப்படிக் கழுவுவது என்று யாரும் அவளுக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. உள்ளே படுத்திருக்கும் உம்மா "யா அல்லாஹ், என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொள்" என்று முனகுவது அவள் காதில் மட்டும் விழுகிறது.

அந்த முனகலும் கெவோர்கியனிடம் போனவர்களின் கோரிக்கையும் அவ்வளவு தூரத்தில் இல்லை. பாரமாகிவிட்டேன் என்ற வேதனைதான் இரண்டிலும் இருக்கிறது.

மரணித்த பிறகு நம் சமூகம் பம்பரமாய்ச் சுழலும். ஒரு மணி நேரத்தில் கபன் துணி வரும், கப்று தோண்டப்படும், பள்ளி நிறையும். அல்ஹம்துலில்லாஹ், அது நம் பெருமை. அந்த ஒழுங்கில் கால்வாசி மௌத்துக்கு முந்திய ஆறு மாதத்துக்கு இருந்தால் போதும்.

முடியாத காரியமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்தக் கரைதான் ஏற்றது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறந்தன. இருந்ததைப் பங்கிட்டுச் சமைத்தார்கள். அப்போது யாரும் வந்து நமக்கு வகுப்பெடுக்கவில்லை. நம் முன்னோரின் வரலாறும் அப்படித்தான். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலை ஏழை, பணக்காரன், ஆண், பெண் எல்லோருக்கும் வக்ஃபு சொத்தின் வருமானத்தில் இலவசமாக நடந்தது. நோயாளியைப் பார்ப்பது பள்ளிக் கட்டடம் கட்டுவதைப் போல வக்ஃபுக்குரிய காரியம்தான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் செய்யக்கூடியவை சில:

மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருங்கள். ஸக்காத் பட்டியல் போல, இரகசியம் காத்து.

சுழற்சியில் போக ஆண்கள் நான்கு பேர், பெண்கள் நான்கு பேர். படுக்கைப் புண் பராமரிப்பை அவர்களுக்குக் காட்டித்தரும்படி ஓய்வுபெற்ற தாதி ஒருவரையோ, சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தையோ கேளுங்கள்.

காற்று மெத்தை இரண்டு, சக்கர நாற்காலி ஒன்று. பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

கிளினிக் நாளுக்கு வாகனச் செலவு. மாதத்தில் ஒரு ஜும்ஆ வசூல் போதும்.

பராமரிக்கிற பெண்ணுக்குக் கிழமையில் ஒரு இரவு தூக்கம். யாராவது போய் இருந்தால்தான் அது கிடைக்கும்.

வலி என்றால் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். மோர்பின் என்றதும் போதைப்பொருள் என்று பயப்படவும் வேண்டாம். வைத்தியர் எழுதி, அவர் சொன்ன அளவில் பாவித்தால் அது மருந்து. வைத்தியரிடம் வலியைத் திறந்து சொல்லுங்கள்.

இதை வாசிக்கும் யாருக்காவது வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்திருந்தால், தயவுசெய்து தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்த இளைஞர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அந்த டொக்டர் செய்தது பிழை. ஆனால் அவரிடம் போனவர்கள் வேறு எந்தக் கதவைத் தட்டியிருக்கலாம் என்று சொல்ல முடியாத ஊர், அவரைப் பற்றி அதிகம் பேசக்கூடாது. ஹராம் என்று சொன்ன வாய்க்குப் பின்னால் போய்ப் பார்க்கும் கால்களும் இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் இப்போது படுக்கையில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அஸருக்குப் பிறகு போய்வாருங்கள். பழம் வேண்டாம். பதினைந்து நிமிடம் இருந்து, பராமரிக்கிறவரிடம் "இன்றைக்கு என்ன உதவி வேணும்?" என்று கேளுங்கள்.